'வேண்டும்' என்று எழுதினால் யார் செய்ய வேண்டும்?

மூன்று படிப்பகங்களின் நூற்பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்த அன்று, முதல் வேலையாக 'கோபுரம்' என்று தேடினேன். ஐந்து புத்தகங்கள் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தன. மற்ற மூன்றும் பட்டியலில்தான் இருந்தன, எழுத்துக்கு எழுத்து அதே பெயரில்.

சிக்கல் 'கோ'வில். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் தரமான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிகோட். எங்கள் தேடலோ பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டதால், அதற்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான், படிப்பகங்கள் பட்டியலைப் பரிமாறும் கோப்பின் வடிவ வரையறையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "நூலின் தலைப்பு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றப்பட வேண்டும்." இப்படிச் சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறைதான் என்எஃப்சி. ஏற்றுமதி நிரல் எழுதியவர், வாங்கும் பக்கம் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார். இறக்குமதி நிரல் எழுதியவர், மாறித்தான் வரும் என்று நினைத்துவிட்டார். இரண்டு பேர் மீதும் தவறில்லை. 'மாற்றப்பட வேண்டும்' என்ற நான், யார் மாற்றுவது என்று சொல்லவே இல்லை. எழுவாய் இல்லாமலே தமிழ் வாக்கியம் முழுமையாக நின்றுவிடுகிறது. பேச்சில் அது வசதி, வரையறையில் ஆபத்து.

அன்று இரவு ஆர்எஃப்சி 2119-ஐ மறுபடி எடுத்துப் படித்தேன். ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப வரையறைகள் வெளிவரும் ஆவண வரிசை. இது 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய சிறிய ஆவணம்; வரையறைகளில் வரும் மஸ்ட் (MUST), ஷுட் (SHOULD), மே (MAY) போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு எவ்வளவு எடை என்று சொல்வது. மஸ்ட் என்றால் விதிவிலக்கே கிடையாது. ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவை முழுதும் புரிந்து எடைபோட்ட பிறகே. மே என்றால் அவரவர் விருப்பம். ஆனாலும் அந்த வசதியைச் சேர்க்காத நிரல், சேர்த்த நிரலோடு ஒத்துப்போக வேண்டும். இந்தச் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லும் ஆறாம் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது: நிரல்கள் ஒன்றோடொன்று இயங்கவோ, தீங்கைத் தடுக்கவோ தேவையான இடத்தில் மட்டும் ஆணையிடு, உனக்குப் பிடித்த வழிமுறையைத் திணிக்க அதைப் பயன்படுத்தாதே.

2017 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 8174 ஒரு குழப்பத்தைத் தீர்த்தது. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சொற்களுக்குச் சிறப்புப் பொருள், சிறிய எழுத்தில் வந்தால் வழக்கமான ஆங்கிலம். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே! தடித்த எழுத்தை முயன்று பார்த்தோம். வாட்ஸாப்பில் வெட்டி ஒட்டியதும் தடிமன் போய்விட்டது.

ஆகவே சொற்களையே பிரித்துக்கொண்டோம். 'வேண்டும்', 'கூடாது' இரண்டும் ஆணைக்கு மட்டும். ஷுட் வரும் இடத்தில் 'பரிந்துரை', மே வரும் இடத்தில் 'விருப்பம்'. '-லாம்' விகுதியை விதிகளிலிருந்தே எடுத்துவிட்டோம். "காலியாக விடலாம்" என்பது அனுமதி, "ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்" என்பது அறிவுரை; ஒரே விகுதிக்கு இரண்டு எடை இருந்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாம் விதியல்ல என்று முதல் பக்கத்திலேயே எழுதினோம். எட்டுப் பக்கத்தில் 34 இடங்களில் இருந்த 'வேண்டும்' 11 ஆனது.

கூடவே, விதிகளுக்கு எவை இணங்க வேண்டும் என்று சொல்லும் இணக்கப் பகுதி ஒன்று சேர்த்தோம். இணங்குவது மூன்று: கோப்பு, எழுதும் நிரல், படிக்கும் நிரல். ஒவ்வொரு விதிக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான் எழுவாய். பழைய வரி இப்போது இப்படி: "எழுதும் நிரல், தலைப்பை என்எஃப்சி வடிவத்தில் எழுத வேண்டும். படிக்கும் நிரல், ஒப்பிடும் முன் தலைப்பை என்எஃப்சிக்கு மாற்ற வேண்டும்." வேலை இரட்டிப்புதான். பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் இரண்டு பக்கமும் தேவைப்படுகிறது.

ஔகாரத்தில்தான் நெடுநேரம் வாதாடினோம். 'கௌதமன்' என்பதைப் பலர் 'கெ' போட்டு 'ள' தட்டித்தான் எழுதுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடில் இவை சமமல்ல, என்எஃப்சி இதைத் தொடாது. எழுதும் நிரலே திருத்த வேண்டும் என்று ஆணையாக்கத்தான் முதலில் நினைத்தேன். மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்றின் தலைப்பில் 'கெளுத்தி' இருந்தது. அதில் அந்த 'ள' நிஜமான ளகரம். அதனால் அந்த விதி மட்டும் இப்படி முடிந்தது: "எழுதும் நிரல், பயனருக்கு எச்சரிக்கை காட்டுவது பரிந்துரை."