மருதகாசிக்கு ஒரு மணி நேரம்

பிப்ரவரி 4

13ஆம் தேதி சினிமாப் பாட்டெழுதிய கவிஞர் மருதகாசி பிறந்தநாள். 1920இல் பிறந்தவர், கொள்ளிடக்கரை மேலக்குடிக்காட்டுக்காரர். எங்கள் சமுதாய வானொலியில் அன்றைக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். "இந்த மாசத்துலயா?" என்றார் நிலைய மேலாளர். அவர் கேட்டதும் நியாயம்தான். சம்பா அறுப்பு நடக்கிறது. ஊர் பாதி வயலில், மீதி கொள்முதல் நிலையத்தில். யார் வந்து பாடுவார்கள்? நம்முடையது 50 வாட் ரேடியோ. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல். அந்த வட்டத்துக்குள் இருக்கிற அத்தனை பேருக்கும் இப்போது நெல்தான் நினைப்பு.

வராவிட்டால் போகிறது, நாமே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 6

டீக்கடையில் தொடங்கினேன். "மணப்பாறை மாடு கட்டி" யார் எழுதினது என்று கேட்டேன். "பட்டுக்கோட்டையார்" என்றார் ஒரு பெரியவர், சந்தேகமே இல்லாமல். "கண்ணதாசன்" என்றார் மாஸ்டர். சரி, "கடவுள் என்னும் முதலாளி"? "அது வாத்தியார் பாட்டும்மா, எழுதினது யாரா இருந்தா என்ன?"

இரண்டுமே மருதகாசி. முன்னது 1957, மக்களைப் பெற்ற மகராசி. பின்னது 1967, விவசாயி. பட்டுக்கோட்டையார் 1959லேயே, 29 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் நம் பக்கத்தில் வயல், வியர்வை என்று பாட்டு வந்தால் அவர் பேரில் வரவு வைத்துவிடுவார்கள். தத்துவம் என்றால் கண்ணதாசன் பேரில். எம்ஜிஆர் வாயசைத்தால் எம்ஜிஆருக்கே. மருதகாசிக்குப் பேரேட்டில் பக்கமே இல்லை. டீ ஆறிப்போய்விட்டது, எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 8

நாற்பது வருஷம் மைக்செட் வைத்திருந்த மாமாவிடம் போனேன். கடை எப்போதோ மூடியாகிவிட்டது. குழாய் ஒலிபெருக்கி ஒன்று மட்டும் மாட்டுக்கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது. கோழி அடைகிறது அதில். "சாவு வீட்டுக்குப் போனா முதல்ல எடுக்கிறது 'சமரசம் உலாவும் இடமே'தான்" என்றார். ரம்பையின் காதல், 1956, சீர்காழி குரல். "ஆண்டை வீடு, கூலிக்காரர் வீடுன்னு பார்க்க மாட்டேன். ரெண்டுக்கும் அதே தட்டு. சில வீட்டுல ஒரு மாதிரி பார்ப்பாங்க." எழுதியவர் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது! இசைத்தட்டின் மேல் போட்டிருக்குமாம். "நான் தேய்ச்சுத் துடைச்ச பேராச்சே, மறக்குமா?"

இதை அப்படியே போட வேண்டும். கோழி கத்துவதையும் வெட்டப் போவதில்லை.

பிப்ரவரி 9

இன்று அப்பாயி. நடவில் பாடிய பாட்டு எதையாவது பாடு என்றதும் மணப்பாறை மாட்டைத்தான் பிடித்தது. டி.எம்.எஸ். பாடியதைவிட மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடி நாற்று ஊன்றுகிற வேகத்தில். விதை வாங்கும் இடம் வந்ததும் "ஆத்தூரு" என்பதற்குப் பதில் "ஆடுதுறை" என்றது.

"அப்பாயி, ஆத்தூரு கிச்சடிச் சம்பா."

"ஆடுதுறையில பண்ணை இருக்கு. ஆத்தூருக்கு யாரு போறது?"

1922இலிருந்து அங்கே நெல் ஆராய்ச்சி நடக்கிறது. நம் வயலில் ஏடிடி என்று போடுகிற ரகமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அப்பாயி பக்கம் ஞாயம் இருக்கிறது. அது மட்டுமில்லை, ஏற்றம் இறைக்கிற வரியில் நிறுத்திவிட்டு, "நமக்கு ஏது ஏத்தம்? மடையைத் திறந்தா தண்ணி" என்று விமர்சனம் வேறு. படம் கொங்கு நாட்டுக் கதை, அதனால்தான் பொள்ளாச்சிச் சந்தையெல்லாம் வருகிறது என்று விளக்கினேன். "மாயவரம் ஏருன்னு நம்மூரையும் சேர்த்துருக்காருல்ல, போனாப் போவுது" என்று மன்னித்துவிட்டது.

பிப்ரவரி 11

எடிட்டில் சண்டை. அப்பாயி பாடியதைத் திருத்தாமல் போட்டால் கவிஞருக்கு மரியாதை இல்லை என்கிறான் கூட வேலை செய்யும் தம்பி. அதுவும் பிறந்தநாள் அன்றைக்கு. பேரை மீட்கிறேன் என்று கிளம்பிவிட்டு வரியைத் தொலைக்கலாமா? ராத்திரி பதினொன்று வரை முடிவாகவில்லை. கடைசியில், மூல வரியை நான் சொல்லிவிட்டு அப்பாயியை அப்படியே விடுவது என்று ஒப்புக்கொண்டோம். இடையில் சினிமாவை விட்டு ஊருக்கு வந்து வயலைப் பார்த்தவர் மருதகாசி. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

பிப்ரவரி 13

மாலை ஏழு மணிக்குப் போட்டோம். மைக்செட் மாமா, அப்பாயி, கல்லூரிப் பெண் ஒருத்தி பாடிய "நீலவண்ணக் கண்ணா வாடா". ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் பின்னும் பெயரைச் சொன்னேன். அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒன்பது அழைப்பு வந்தது. நான்கு, கொள்முதல் நிலைய வாசலிலிருந்து. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டதால் மூன்று நாளாக நெல்லைக் காயப்போட்டுக் காவல் கிடக்கிறார்கள். ஒருவர் போனில் மட்டும்தான் எஃப்எம் வந்ததாம். இயர்போனைச் செருகி, ஸ்பீக்கரில் வைத்துத் தார்ப்பாய் மேல் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். "வித்துப்போட்டுப் பணத்தை எண்ணுன்னு எழுதிட்டாரு, எடை போட்டாத்தானே எண்ணுறது" என்றார் ஒருவர். பின்னால் சிரிப்பு.

திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா: "எங்க ஆத்தாளும் ஆடுதுறைன்னுதாங்க பாடும்." தம்பியைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14

மறுஒலிபரப்பை அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தன் குரல் வந்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முடிந்ததும், "பேரு என்னன்னு சொன்ன?"

"மருதகாசி."

"மருதகாசி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. "நல்ல பேரு. அந்த ஆத்தூரை மட்டும் மாத்திக்கச் சொல்லு."

அவர் 1989லேயே இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி அப்பாயி என்றேன்.