ஈஆர்பிநெக்ஸ்ட்: மூலநிரலைத் தொடாமல் பில்லிங் திரையும் பேமென்ட் இணைப்பும்

கவுண்டரில் வேகமாகப் பில் போட ஒரு தனித் திரை, இணைய ஆர்டர்களுக்கு ரேசர்பே என்ற பேமென்ட் சேவை வழியாகப் பணம், இரண்டும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக, கணக்கு மென்பொருளின் பேரேட்டில் தானாகப் பதிவாக வேண்டும். இந்த வேலையை எந்த வரிசையில் முடித்தோம், எங்கெல்லாம் இடறியது என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதல் வேலை, பெஞ்சில் (ஈஆர்பிநெக்ஸ்டை நிறுவி அப்டேட் செய்யும் கருவி) சொந்தமாக ஒரு ஆப் உருவாக்குவது. ஈஆர்பிநெக்ஸ்ட் கோப்பிலேயே இரண்டு வரி மாற்றினால் போதும் என்று தோன்றும் இடங்கள் பல வரும். அப்படி மாற்றினால் அடுத்த பெஞ்ச் அப்டேட் அந்த மாற்றத்தைக் கண்டு நின்றுவிடும். ரீசெட் கொடுத்தால் மாற்றம் அழிந்துவிடும். நம் நிரல் எல்லாம் நம் ஆப்பில்தான் இருக்க வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்டோடு அது பேசுவது ஹுக்ஸ் கோப்பு (எந்த நிகழ்வில் நம் நிரலின் எந்தப் பகுதி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) வழியாக மட்டுமே. புதிதாகச் சேர்க்கும் புலங்களை ஃபிக்சராக (ஆப்போடு சேர்ந்து போகும் அமைப்புத் தரவுக் கோப்பாக) ஏற்றுமதி செய்து ஆப்போடு வைக்கவும். ஏற்றுமதி செய்யும்போது மாட்யூல் பெயரால் வடிகட்ட மறக்கக் கூடாது. மறந்தால் இந்தியா கம்ப்ளையன்ஸ் (ஜிஎஸ்டிக்கான ஆப்) போன்ற பிற ஆப்களின் புலங்களும் நம் கோப்புக்குள் வந்துவிடும். பிறகு அவர்கள் திருத்தியதை நம் பழைய நகல் மேலெழுதும்.

பேரேட்டு வரிகளை நேரடியாக எழுதவே கூடாது. சேல்ஸ் இன்வாய்ஸ், பேமென்ட் என்ட்ரி, ஜர்னல் என்ட்ரி ஆகிய ஆவணங்களை உருவாக்கிச் சமர்ப்பித்தால் பற்று வரவு வரிகளை மென்பொருளே எழுதும். தரவுத்தளத்தில் மதிப்பை மட்டும் மாற்றும் குறுக்குவழி சரிபார்ப்பைத் தாண்டிப் போகும், பேரேட்டையும் தொடாது. பில்லில் ஒரு தொகை, பேரேட்டில் வேறு தொகை என்று ஆகிவிடும். அது ஆடிட்டிங் சமயத்தில்தான் கண்ணில் படும்.

பில்லிங் திரையை வியூ (Vue) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் எழுதி, பில்ட் செய்த கோப்புகளை ஆப்பின் பப்ளிக் அடைவில் வைத்தோம். ஒரே டொமைனிலிருந்து வருவதால் சிஓஆர்எஸ் (வேறு டொமைனுக்குப் போகும் கோரிக்கைக்குப் பிரவுசர் போடும் தடை) தொல்லை இல்லை, லாகின் செஷனும் அப்படியே உதவும். ஆனால் எதையாவது சேமிக்கும் ஒவ்வொரு கோரிக்கையோடும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் திரையிலிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீடு) போக வேண்டும். இல்லையென்றால் 400 பிழைதான் திரும்பி வரும். இன்னொன்று, ரெஸ்ட் ஏபிஐயில் (திரை சர்வரிடம் தரவு கேட்கும் வழி) பட்டியல் கேட்டால் இயல்பாக 20 பதிவுகள்தான் வரும், அதுவும் பெயர்ப் புலம் மட்டும். சோதனைக்கு 15 பொருள்கள் வைத்திருக்கும் வரை இது தெரியவே தெரியாது. வேண்டிய புலங்களையும் எண்ணிக்கையையும் கோரிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும்.

திரையில் வரி கணக்குப் போடாதீர்கள். வரி சேர்த்த விலை 999 ரூபாய், ஜிஎஸ்டி 18% என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய மதிப்பு 846.61. மாநில வரி, மத்திய வரி தலா 76.19. மூன்றையும் கூட்டினால் 998.99, ஒரு பைசா குறைகிறது. இதைச் சரிக்கட்டும் கணக்கு ஈஆர்பிநெக்ஸ்டிலேயே இருக்கிறது. அதையே ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு முறை எழுதினால் ஏதோ ஒரு பில்லில் இரண்டும் பிரியும், வாடிக்கையாளர் முழுப் பணம் கட்டிய பில் ஒரு பைசா பாக்கியோடு நிற்கும். திரை பொருளையும் அளவையும் அனுப்பட்டும். சர்வர் வரைவாகக் கணக்கிட்டுத் தரும் தொகையையே காட்டட்டும்.

பில் எண்ணையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். ஜிஎஸ்டி விதி 46-இன்படி எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஈஆர்பிநெக்ஸ்டின் இயல்பான தொடர் ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்து 19 எழுத்து வருகிறது. மூன்று எழுத்து முன்னொட்டு, சாய்கோடு, 25-26 போல நிதியாண்டு, சாய்கோடு, ஐந்து இலக்கம் என்று வைத்தால் 15-இல் முடியும். சாய்கோடு இருப்பதால் அந்த எண்ணை ஏபிஐ முகவரியில் என்கோட் செய்து அனுப்புவது நல்லது.

அதிக நேரம் பிடித்தது பேமென்ட் வெப்ஹுக்தான், அதாவது பணம் வந்ததும் ரேசர்பே அனுப்பும் செய்தியை நம் சர்வரில் வாங்கும் முகவரி. அது விருந்தினர் அனுமதியோடு, லாகின் இல்லாமலே திறந்திருக்கும் வாசல், கையொப்பச் சோதனை ஒன்றுதான் காவல். வந்த உடலை ஜேசனாகப் பிரித்து மறுபடி சேர்த்து ஹேஷ் போட்டால் இடைவெளிகள் மாறி, சரியான கையொப்பமும் பொய்யாகிவிடும். வந்த பைட்டுகள் மீதே எச்மேக் (ரகசியச் சாவியோடு போடும் ஹேஷ்) போட வேண்டும். தொகை பைசாவில் வரும்: 1,000 ரூபாய்க்கு 1,00,000. நூறால் வகுக்க மறந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

சரிபார்த்ததும் வேலையைப் பின்னணி வரிசைக்குத் தள்ளிவிட்டு உடனே 200 பதில் கொடுங்கள். ஒரு சிக்கல்: விருந்தினர் கோரிக்கை தள்ளிய வேலை விருந்தினராகவே ஓடும், பேமென்ட் என்ட்ரி உருவாக்க அதற்கு அனுமதி இருக்காது. தேவையான ரோல் மட்டும் உள்ள தனிப் பயனர் ஒருவரை வைத்து, வேலையின் தொடக்கத்தில் அவருக்கு மாற்றுவதே முறை. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிவிட்டால் வேலை முடியும்தான். ஆனால் யார் என்ன செய்தார் என்ற தடம் அதோடு போச்சு.

ஒரே வெப்ஹுக் செய்தி இரண்டு முறை வரும், அது பிழையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ‘இந்தப் பேமென்ட் ஐடி ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடிப் பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு வொர்க்கர் (வரிசையிலுள்ள வேலைகளை எடுத்துச் செய்யும் நிரல்) ஒரே நொடியில் தேடினால் இருவருக்குமே ‘இல்லை’ என்றுதான் பதில். ஐடி புலத்துக்கு யூனிக் என்று குறி வைத்தால் இரண்டாவதைத் தரவுத்தளமே தடுக்கும்.

பில் சமர்ப்பித்ததும் வாட்ஸ்அப் செய்தி அனுப்ப ஹுக்கிலேயே வெளிச் சேவையை அழைத்தால், அது தவறும்போது பில்லும் சேர்ந்து திரும்பிவிடும். இதையும் வரிசைக்குத் தள்ளுங்கள், ஆனால் கமிட்டுக்குப் பிறகு (தரவுத்தளத்தில் பதிவு உறுதியான பிறகு) என்று குறிப்பிட்டுத் தள்ளுங்கள். இல்லையென்றால் வொர்க்கர் முந்திக்கொண்டு, இன்னும் பதிவாகாத பில்லைத் தேடி ‘அப்படி ஆவணம் இல்லை’ என்று நிற்கும்.

வாடிக்கையாளர் கட்டிய பணத்தை நேராக வங்கிக் கணக்கில் பதிவு செய்யக் கூடாது. இடையில் ‘கேட்வே கிளியரிங்’ என்று ஒரு கணக்கு வேண்டும். 1,000 ரூபாய் அதில் பற்று. கட்டணம் 2% என்றால் 20 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 3.60, வங்கிக்கு வருவது 976.40. செட்டில்மென்ட் நாளில் (ரேசர்பே வங்கிக்குப் பணம் அனுப்பும் நாள்) வங்கி 976.40, கட்டணச் செலவு 20, உள்ளீட்டு வரி 3.60 ஆகியவற்றைப் பற்று எழுதி, கிளியரிங்கில் 1,000 வரவு வைக்க வேண்டும். செட்டில்மென்ட் அறிக்கையில் ஒவ்வொரு ஐடிக்கும் கட்டணமும் வரியும் தனித்தனியே இருக்கும், அதை வைத்தே ஜர்னல் என்ட்ரி உருவாகும்படி எழுதினோம்.

மாதக் கடைசியில் கிளியரிங் இருப்பு, இன்னும் செட்டில் ஆகாத பேமென்ட்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இருப்பு கூடினால் இரட்டைப் பதிவையோ விட்டுப்போன செட்டில்மென்டையோ தேடுங்கள். குறைந்தால் வராமல் போன வெப்ஹுக்கைத் தேடுங்கள்.