இடையிடையே 65

ஜூன் பிறந்துவிட்டால் தமிழகத்தின் தென்கரையில் அன்றாடம் காதில் விழும் வரி ஒன்று உண்டு. "மன்னார் வளைகுடா, தென் தமிழகக் கடலோரப் பகுதிகள், குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்." செப்டம்பர் வரைக்கும் கிட்டத்தட்ட இதே வரிதான். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும். கேட்பவருக்கு மட்டுமல்ல, எழுதுபவருக்கும்.

இந்த வரியில் எல்லாரும் பிடித்துக்கொள்வது 45-ஐத்தான். படகைக் கவிழ்ப்பதோ 65. காற்று தள்ளும் விசை அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 45-இலிருந்து 65 என்றால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. விசையோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வலை இழுக்கும் நேரத்தில் பாரம் ஒரு பக்கமாக இருக்கும், அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு நேராகத் திருப்ப முடியாது. அந்த நேரம் பார்த்து ‘இடையிடையே’ வந்து பக்கவாட்டில் மோதினால், அதுவரை தாக்குப்பிடித்த ஃபைபர் படகு சாய்ந்துவிடும். ஆகவே அறிவிப்பை வாய்மொழியாகக் கடத்தும்போது சுருக்க வேண்டியிருந்தால் 45-ஐ விட்டுவிடலாம், 65-ஐ விடக் கூடாது. பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

‘சூறாவளிக்காற்று’ என்ற சொல்லும் சிக்கல்தான். அங்கே சொல்லவருவது விட்டுவிட்டு அடிக்கும் பலத்த காற்றை, புயலை அல்ல. ‘சூறைக்காற்று’ என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். புயல் வராத நாட்களிலெல்லாம் சூறாவளி என்று சொல்லிப் பழக்கிவிட்டால், மெய்யாகவே புயல் வரும் நாளுக்குக் கைவசம் வேறு சொல் இருக்காது.

‘கப்பல்களுக்கு எச்சரிக்கை இல்லை, எங்களுக்கு மட்டும் ஏன்?’ என்று துறைமுகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கப்பலுக்கான பலத்த காற்று எச்சரிக்கை 34 நாட் வேகத்தில் தொடங்குகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக, 34 நாட் சுமார் 63 கிலோமீட்டர். மேலே சொன்ன 45 முதல் 55 என்பது 24 முதல் 30 நாட், காற்றின் வலுவை 0 முதல் 12 வரை தரம் பிரிக்கும் போஃபர்ட் அளவில் 6, 7. நூறு மீட்டர்க் கப்பலுக்கு அது சங்கடம், முப்பது அடிப் படகுக்கு ஆபத்து. கண்ணாலேயே சரிபார்க்கலாம்: எங்கு பார்த்தாலும் அலைமுகடு வெளுத்திருந்தால் 6, அந்த நுரை காற்றுப் போகும் திசையில் கோடு கோடாக இழுபட ஆரம்பித்தால் 7.

செல்பேசிச் செயலியில் ஓர் எண், வானொலியில் வேறோர் எண் என்ற குழப்பத்துக்கும் காரணம் உண்டு. இந்தியாவில் புயலின் காற்று வேகம் 3 நிமிடச் சராசரி, அமெரிக்காவில் 1 நிமிடம், உலக வானிலை அமைப்பின் பொது அளவு 10 நிமிடம். ஒரே புயலுக்கு அமெரிக்க எண் பெரும்பாலும் சற்றுப் பெரிதாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இங்கே மறைக்கிறார்கள்’ என்று பேசுவது வீண்.

கடலில் காற்றை அளப்பதே பெரும்பாடு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகளில் காற்றுமானி கடல்மட்டத்துக்கு 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அறிவிப்பில் சொல்வது 10 மீட்டர் உயரக் காற்று. மிதவை எண்ணோடு பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பலின் மானி 30 மீட்டரில் இருந்தால் பத்தில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். கப்பலிலிருந்து வரும் தகவலில் இன்னொரு பிசகு அடிக்கடி நேரும். வாடைக்காற்று 20 நாட் வீசும்போது அதை எதிர்த்து 14 நாட் வேகத்தில் போகும் கப்பலின் தளத்தில் மானி 34 காட்டும். கப்பலின் வேகத்தைக் கழிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டால், இல்லாத புயல் ஒன்று வரைபடத்தில் முளைக்கும். சுற்றிலும் 20 இருக்க நடுவே ஒற்றை 34 நின்றால், முதலில் அந்தக் கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் சிதறல்மானி, அதாவது கடற்பரப்பில் பட்டுச் சிதறும் ரேடார் அலையை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கருவி, பரந்த கடலை ஒரே வீச்சில் காட்டிவிடும். ஆனால் ஓர் இடத்தை நாளுக்கு ஓரிரு முறைதான் கடக்கும். ‘கேயூ’ என்ற ரேடார் அலைவரிசையில் இயங்கும் மானியாக இருந்தால் கனமழைக்குள் அதன் கணக்கு கெட்டுப்போகும். கனமழை பெய்யும் இடம்தான் நமக்கு வேண்டிய இடம்.

வெப்பமண்டலக் கடலில் அழுத்தமானியைப் படிக்கவும் தனிப் பழக்கம் தேவை. புயலே இல்லாத நாளிலும் காலை 10 மணிக்கு உச்சத்தில் இருக்கும் அழுத்தம் மாலை 4 மணிக்குள் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கும், இரவு 10 வாக்கில் மறுபடி ஏறும். புதிதாக வருபவர்கள் பிற்பகல் இறக்கத்தைப் பார்த்துப் பதறுவார்கள். அதைவிட மோசம், மெய்யான இறக்கத்தை ‘வழக்கமானதுதான்’ என்று தள்ளிவிடுவது. நேற்று இதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுவதே சரி. இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் பருவ சராசரியைவிட 3 குறைந்தால் சந்தேகப்படலாம். 5 குறைந்தால் புயல் அருகிலிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கூடவே காற்றின் திசையைக் குறித்துவர வேண்டும். நம் பக்கத்துக் கடலில் காற்றை எதிர்நோக்கி நின்றால் தாழ்வின் மையம் வலப்புறமும் சற்றுப் பின்னாலும் இருக்கும். நகராமல் நிற்கும் படகில் காற்று வலஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டே வந்தால், புயற்பாதையின் வலது பக்கத்தில், அதாவது கூடுதல் ஆபத்தான பாதியில் இருக்கிறோம் என்று பொருள்.

சென்னைப் பக்கத்தில் தொல்லை வேறு விதம். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மாலையில் உள்நாட்டில் எழும் இடிமேகம் இரவில் கிழக்கே நகர்ந்து கடலுக்கு வரும். மழைக்கு முன்னே குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். காற்று சட்டென்று 29 கிலோமீட்டராவது கூடி, 40-ஐத் தொட்டு, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதைத் திடீர்ச் சூறை என்று கணக்கில் எடுப்பார்கள். கடலில் இருப்பவர் ஆபத்தைக் கடல் பக்கம்தான் தேடுவார், இது முதுகுப்பக்கம் கரையிலிருந்து வருகிறது. மேற்கே மின்னல் வெட்டினால் வலையை எடுத்துவிடுவது நல்லது. இதற்கான அறிவிப்பு அடுத்த 3 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். காலையில் வந்த தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்து பயனில்லை.

தங்குகடல் போகிறவர்களுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்களுக்கு, எண்களைவிடக் கால அவகாசம்தான் உயிர். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. கரையிலிருந்து 200 கடல் மைலில் நிற்கும் விசைப்படகு 7 நாட் வேகத்தில் வந்தாலும் 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் காற்று எதிர்க்காவிட்டால். செய்தியும் போய்ச் சேர வேண்டுமே. செல்பேசிக் கோபுரம் கரையோரத்தைத் தாண்டாது, படகிலுள்ள விஎச்எஃப் வானலைபேசி எட்டுவது இருபது இருபத்தைந்து கடல் மைல். 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்கும் எச்சரிக்கையைக் கொண்டுபோகும். ஆனால் அது ஒருவழிப் பாதை, படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. அத்தனை தூரத்தில் இருப்பவரிடம் ‘கரை திரும்புங்கள்’ என்று மட்டும் சொல்வது அரைச் செய்தி. எந்தப் பக்கம் விலகினால் காற்று குறையும், பக்கத்தில் ஒதுங்க எந்தத் துறைமுகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில வேளை புயலின் குறுக்கே கரைக்கு ஓடுவதைவிட விலகிப் போவதே பாதுகாப்பு.

காற்று எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்ட அன்றே முகத்துவாரத்தில் படகு கவிழ்வது உண்டு. காற்று அடங்கினாலும் அது கிளப்பிய அலை அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அறிவிப்பில் ‘அலை உயரம் 3 மீட்டர்’ என்றால் எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. தனி அலை ஒன்று 6 மீட்டரை நெருங்கலாம். உள்ளூர்க் காற்றுக்குச் சம்பந்தமே இல்லாத அலையும் உண்டு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நான்கைந்து நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த பகலில் குமரிக் கரையில் ஏறும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பில் உயரத்துக்குப் பக்கத்திலேயே அலைக்காலமும், அதாவது ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடைப்பட்ட நேரமும், இருக்கும், பலர் அதைப் பார்ப்பதில்லை. காற்று 15 கிலோமீட்டர், அலை ஒரு மீட்டர், அலைக்காலம் 18 விநாடி என்று போட்டிருந்தால், அது தொலைதூரப் புயலின் அலை, அன்று படகை மணலில் இன்னும் இருபதடி மேலே இழுத்துப்போட வேண்டும்.