நீல நிழல்

வானத்துக்கு நீர்வண்ணத்தை ஒரு பூச்சுப் பூசிவிட்டு, எதிரே நின்ற மேப்பிள் மரங்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தால் தாள் முழுக்கப் பன்னச் செடி முளைத்துக் கிடந்தது! காய முதலே வண்ணம் உறைந்து, கொடி கொடியாகப் பளிங்கு கட்டியிருந்தது. பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த கனடியப் பெரியவர், தண்ணீருக்குள் கொஞ்சம் வொட்கா விட்டால் லேசில் உறையாது என்றார். அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வரையிறதுக்கு மட்டும்தானே பிள்ளை?" என்று கேட்டா.

குளிருக்கு உடுப்பு இருக்கிறது. என்னை அலைக்கழித்தது இந்த நாட்டு ஒளி. ஊரில் மார்கழி மதியத்தில்கூட ஆளின் நிழல் ஆளைவிடக் கட்டைதான். சித்திரை வெயிலிலோ அது காலடிக்குள்ளேயே சுருண்டுவிடும். ரொறொன்ரோவில் டிசம்பர் மாத உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை அளவுக்குத்தான் ஏறுகிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கே மரங்கள் தங்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான நிழலைப் பனியில் நீட்டிவிடுகின்றன. அந்த நிழல் நீலம்! நேர்வெயில் மறைந்த இடத்தில் வானத்தின் ஒளி மட்டும் விழுகிறது. வெள்ளைப் பனி அதை அப்படியே காட்டுகிறது. ஊரில் நிழலுக்கு மண்ணிறம் குழைத்துப் பழகிய கை, இங்கே அல்ட்ராமரின் நீலத்தை அள்ளுகிறது. இவ்வளவு அழகான நிழலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நிலத்தைப் பார்க்கச் சொல்லித் தந்தவர் கனடிய ஓவியர் ரொம் தொம்சன். அல்கொன்குயின் காட்டுக்குள் வள்ளத்தில் போய், இரண்டு கையளவுப் பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் அந்த இடத்திலேயே தீட்டியவர். 1917இல் அங்குள்ள கனூ ஏரியில் இறந்துபோனார். அவருடைய நண்பர்கள் 1920இல் 'ஏழுவர் குழு' என்ற ஓவியர் கூட்டமாகச் சேர்ந்தபோது அவர் இல்லை. அவர் கடைசியாகத் தீட்டிய பெரிய ஓவியங்களில் ஒன்றான 'மேல்காற்று' ஒன்ராறியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏரிக்கரைப் பாறையில் காற்றுக்கு வளைந்து நிற்கும் பைன் மரம். முதன்முதல் அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வாடைக்கு ஓலையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க நிற்கும் கரையோரப் பனையின் பிடிவாதம் அந்தப் பைனில் இருந்தது.

இப்போது இந்த நிலம் எனக்குப் பழகிவிட்டது. பேர்ச் மரப்பட்டையின் வெள்ளைக்குள் எத்தனை சாம்பல் என்று தெரியும். எந்த வாரம் ஏரி உருகத் தொடங்கும் என்றுகூட ஊகிப்பேன். ஆனாலும் தொடுவானக் கோட்டை இழுத்தவுடன், கொப்பில்லாத நெடுமரம் ஒன்றைக் கை தானாக நட்டுவிடுகிறது. நான் அழிப்பதில்லை.

எங்கள் வட்டார நூலகத்தில் படங்களை மாட்டியிருந்தபோது, ஒரு பெண்மணி அது என்ன மரம் என்று கேட்டார். பனை என்று தொடங்கி, காற்றில் காவோலை உரசும் சத்தம்வரை சொல்லிமுடித்தேன். அந்தச் சத்தத்தை எப்படித் தீட்டுவீர்கள் என்றார். அவரும் வரைகிறவராம். ஓலையின் விளிம்பை உலர்ந்த தூரிகையால் இழுக்கவேண்டும் என்றார். பச்சையைக் குறைத்துச் சாம்பலைக் கூட்டினாலே கேட்கும் என்பது என் கட்சி.