அந்த ஒன்பது கோல்

"எங்களை இறக்கினீர்கள், சரி. எங்களிடம் தோற்றவர்களை ஏன் இறக்கினீர்கள்?"

பள்ளி அணிகளை நான் வரிசைப்படுத்தும் ரேங்கிங் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரு அரசுப் பள்ளி அணியின் கோச் போனில் கேட்டது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. நான் சொன்ன பதிலும் ஒரே வரி: "எது அரசுப் பள்ளி, எது தனியார் பள்ளி என்று கணக்குக்குத் தெரியாது." இரண்டு சீசன் ஓடிவிட்டது. கார் ஓட்டும்போது இன்னமும் அந்தப் பதிலைத் திருத்தித் திருத்தி எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

லாக்ரோஸ் என்பது நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் விளையாட்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பையன்களின் பள்ளி லாக்ரோஸ் நடக்கும் விதம் இதுதான். பால்டிமோர் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் எம்.ஐ.ஏ.ஏ. லீக்கில் தங்களுக்குள் ஆடி, தங்களுக்குள்ளேயே சாம்பியனைத் தேர்ந்தெடுக்கின்றன. அரசுப் பள்ளிகள் மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவாக மாநிலப் பட்டத்துக்கு ஆடுகின்றன. சீசன் முடிவில் இந்தச் சாம்பியனும் அந்தச் சாம்பியனும் ஒரே மைதானத்தில் நிற்பதே இல்லை. நியூஜெர்சியில் 2022 வரை 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' என்று ஒன்று இருந்தது. இரு தரப்பும் கடைசியில் மோதிப் பார்க்கலாம். அதையும் நிறுத்திவிட்டார்கள். மைதானத்தில் முடிவாகாத கேள்வியைக் கணினியில் முடித்து வைக்கிறோம் என்று கிளம்புவதுதான் ரேங்கிங் பிழைப்பு. ஒரு சின்ன விளையாட்டுச் செய்தி நிறுவனத்தில் அந்தப் பிழைப்பைப் பார்த்தவன் நான். லாக்ரோஸ் ஸ்டிக்கைக் கையில் பிடித்ததுகூடக் கிடையாது.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு அணி சராசரியாக எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது என்று பார்க்க வேண்டும். அதோடு, எதிரணிகளின் மதிப்பெண் சராசரியைக் கூட்டினால் அந்த அணியின் மதிப்பெண். எதிரணிகளின் மதிப்பெண்ணுக்கும் இதே கணக்குதான் என்பதால், எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒப்புக்குச் சப்பாணி அணியை இருபது கோலில் அடித்துப் பெயர் வாங்கக் கூடாது என்பதற்காகப் பத்து கோலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தை நான் எண்ணுவதில்லை.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு தீவுகள். அரசுப் பள்ளிகள் ஒரு தீவு, தனியார் பள்ளிகள் இன்னொன்று. அந்த வருஷம் மார்ச் கடைசி வரை எங்கள் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அந்த நான்கு பாலங்கள் வழியாகத்தான் ஒரு தீவின் உயரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். ஒரு பாலம் சாய்ந்தால் அதில் கட்டியிருக்கும் அத்தனையும் சேர்ந்து சாயும்.

சாய்ந்தது. குளிர், தூறல், வியாழக்கிழமை சாயங்காலம். அதுவரை தோற்காத அரசுப் பள்ளி அணி, தன் லீக்கில் நடுவாந்தரமாக இருந்த ஒரு தனியார் பள்ளியிடம் 15-6 என்று தோற்றது. ஒன்பது கோல். பத்துக்கு ஒன்று குறைவு, ஆகவே முழுசாக எண்ணினேன். மறுநாள் காலை நிரலை ஓட்டினால், அந்த அணி ஆறாம் இடத்திலிருந்து பதினேழுக்குப் போயிருந்தது. அவர்களிடம் தோற்ற ஐந்து அரசுப் பள்ளிகளும் கூடவே இறங்கியிருந்தன. அந்த வாரம் ஆட்டமே இல்லாத ஒரு பள்ளியும் அதில் உண்டு.

கோச் போன் செய்தது அதற்காகத்தான். ஃபேஸ்ஆஃப் எடுக்கும் பையனுக்குக் கட்டைவிரல் உடைந்திருந்ததாம். லாக்ரோஸில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் பந்தை வைத்து இருவர் மல்லுக்கட்டுவார்கள். 21 கோல், நான்கு கால்பகுதித் தொடக்கங்கள் என்று கூட்டினால் ஏறக்குறைய 25 தடவை. அதில் ஐந்தில்தான் பந்து தங்களுக்குக் கிடைத்தது என்றார். பந்தே கிடைக்காத அணி என்ன செய்யும்? "அவர்களிடம் அந்த வேலைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். என்னிடம் ஒருத்தன். என் பகுதியில் குடியிருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் நான் ஆட முடியும்." புகார் மாதிரி சொல்லவில்லை, வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெஞ்சில் மூன்று பேர் இருப்பதும் பலம்தான். காயம்பட்டவனைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினால் முடிவே கிடையாது. நாளைக்கு எல்லா கோச்சும் மருத்துவச் சீட்டோடு வருவார்கள். வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் பள்ளி, ஊர் ஊராகத் தேடி ஆள் சேர்த்துச் சலுகையும் கொடுக்கிறது, ஒரு வருஷம் கூடுதலாகப் படித்த பெரிய பையன்களையும் இறக்குகிறது என்றால், அது நியாயமா என்பது வேறு கேள்வி. யார் பலமான அணி என்பது மட்டுமே என் கேள்வி. இப்படி எனக்குள் வாதாடி, பெரும்பாலும் நானே ஜெயித்துவிடுவேன்.

ஜெயித்த பிறகும் ஒன்று உறுத்தும். அவருக்குச் சொன்ன பதில் முழுப் பொய் இல்லை. என் நிரலில் பள்ளி வகைக்கு என்று ஒரு கட்டம் கிடையவே கிடையாது. ஆனால் மார்ச் மாதத்தில் ஒவ்வொரு அணியும் நான்கைந்து ஆட்டம்தான் ஆடியிருக்கும். அவ்வளவை வைத்து எண் நிற்காது என்பதால், போன வருஷ முடிவு மதிப்பெண்ணைத் தொடக்கமாகப் போட்டு, அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன். போன வருஷத்துக்கு அதற்கு முந்தின வருஷம். அப்படியே பின்னால் போனால், முதல் வருஷத் தொடக்க எண்களை நானேதான் கையால் தட்டினேன். தனியார் பள்ளிகளுக்குக் கூடுதலாக நான்கு கோல். ஏன் நான்கு? யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. மெக்டொனாக் என்ற தனியார் பள்ளியின் பெண்கள் அணி 2018 வரை தொடர்ச்சியாக 198 ஆட்டம் ஜெயித்த வட்டாரம் இது. ஆண்கள் அணிகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆக, கணக்குக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. போனில் பேசும்போது எனக்கே ஞாபகம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஞாபகம் இருந்ததா இல்லையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று மாலை எடிட்டரிடம் போனேன். பேசாமல் இரண்டு பட்டியலாகப் பிரித்துவிடலாம், இந்தத் தலைவலியே வேண்டாம் என்றார். வேண்டாம் என்று வாதாடியது நான்தான். பிரித்தால் அரசுப் பள்ளிகளை இரண்டாந்தரம் என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும் என்று பெரிதாகப் பேசினேன். நானும் அரசுப் பள்ளியில் படித்தவன், என் மகனும் இங்கே அரசுப் பள்ளிதான் என்பதையெல்லாம் இழுத்தேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, அப்படியானால் பதினேழாம் இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோமா?" என்றார். விட்டோம். அந்த இடத்தில் என் பேச்சு நின்றுவிட்டது.

ஜூனில் ஒரு நாள் ராத்திரி, அந்த நான்கு கோலை எடுத்துவிட்டு முதல் வருஷத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். அந்த மார்ச் வாரத்தில் அவர்கள் பதினான்கு. பதினேழுக்கும் பதினான்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நிம்மதியாக இருந்தது. மூன்று இடத்துக்கு மேலே ஏறியிருந்தால் அவருக்குப் போன் செய்திருப்பேனா? செய்திருப்பேன் என்று நம்ப ஆசை. கீழே இறங்கிய மற்ற ஐந்து பள்ளிகளும் அந்த ஓட்டத்தில் எங்கே நின்றன என்று நான் பார்க்கவே இல்லை. அவர் கேட்டதோ அவர்களைப் பற்றி மட்டும்தான்.

அந்தக் கோப்பு என் மடிக்கணினியில் இருக்கிறது. திறந்து பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்த வருஷம் ஆட்ட அட்டவணைகள் வந்ததும் முதலில் அந்தப் பள்ளியைத்தான் தேடினேன். தனியார் பள்ளியோடு இருந்த அந்த மார்ச் ஆட்டம் அட்டவணையில் இல்லை. அதே தேதியில் பக்கத்து கவுண்டியின் ஒரு அரசுப் பள்ளி இருந்தது. எடுத்தது யார், எதற்காக என்று நான் விசாரிக்கவில்லை. அந்த மார்ச்சில் மூன்று பாலங்களை வைத்து நிரலை ஓட்டினேன்.