7.6 டன் வரைபடம், 8.57 டன் படகு

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருந்து ஈஸ்ட் லண்டனுக்குச் சுமார் 250 கடல் மைல். நடுவில், ஆழமான கீல் (படகின் அடியில் தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் பகுதி) உள்ள பாய்மரப் படகு புகுந்து ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. தென்மேற்குக் காற்று ஓய்ந்து பாரோமீட்டர் ஏறத் தொடங்கும்போது கிளம்ப வேண்டும். அடுத்த தென்மேற்குக் காற்று வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த இடைவெளி சில சமயம் இரண்டு நாள்கூட முழுசாகக் கிடைக்காது. 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் போனால் 62 மணி நேரம். 5 நாட் என்றால் 50. கரையோரமாகத் தென்மேற்கே ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்துக்குள் சரியாகப் புகுந்து, அது கூடுதலாக இரண்டரை நாட் தள்ளிவிட்டால் 33 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதே நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக எழும்பும். அப்போது 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் ஒதுங்கிப் போகச் சொல்வார்கள்.

நான் கட்டிக்கொண்டிருக்கும் படகு எவ்வளவு எடை இருக்கும், அந்த எடையோடு எவ்வளவு வேகம் போகும் என்று நான் இவ்வளவு நாள் கணக்கு எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

படகு டர்பனின் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு முற்றத்தில் வளர்கிறது. நீளம் 10.2 மீட்டர், நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) 8.8, அகலம் 3.3. உடல் 4 மி.மீ. இரும்புத் தகடு; மேல்தளமும் கேபினும் 3 மி.மீ. விலைக்கு வாங்கிய படகு வடிவமைப்பு வரைபடத்தில் மொத்த எடை 7.6 டன் என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இரும்புப் படகை வீட்டில் கட்டியவர்கள் யாரைக் கேட்டாலும், தண்ணீரில் இறக்கியபோது நினைத்ததைவிடத் தாழ்ந்து நின்றது என்றுதான் சொல்கிறார்கள்.

இரும்பில் கட்டுவதில் ஒரு வசதி, எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. அப்படியானால் 4 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 31.4, 3 மி.மீ. தகடு 23.55. வரைபடத்தில் உடலின் பரப்பை அளந்தேன், 44 சதுர மீட்டர் வந்தது. அது 1,382 கிலோ. மேல்தளம், கேபின், காக்பிட் (உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளம்) எல்லாம் சேர்த்து 30 சதுர மீட்டர், 707 கிலோ. கீல் பெட்டி 330. விலா எலும்புகளுக்கு 50×6 பட்டை, மீட்டருக்கு 2.36 கிலோ. நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்களுக்கு 40×5 பட்டை, மீட்டருக்கு 1.57. இரண்டும் சேர்ந்து 364. சுக்கான், எஞ்சின் மேடை, தொட்டிகள், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட்டுகள் என்று சில்லறையாக 300. வெல்டிங் உலோகத்துக்கு 3 சதவீதம் போட்டேன். கூட்டினால் ஏறத்தாழ 3,175 கிலோ.

இந்த இடத்தில் பக்கத்து முற்றத்து அண்ணன் சொன்னது பெரிய உதவி. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் ஆயுசு முழுக்கத் தகடு வெட்டிய பாய்லர்மேக்கர் அவர். "தம்பி, புத்தகத்துல இருக்கற எடை வேற, ஆலையில இருந்து வர்ற தகட்டோட எடை வேற. மிச்சத் துண்டு ஒண்ண நிறுத்துப் பாரு" என்றார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்தோம். 31.4 இருக்க வேண்டியது 32 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதாவது 2 சதவீதம் கூடுதல். தகட்டின் கனத்தில் ஆலைகளுக்கு அனுமதி வரம்பு உண்டு. மேலே பூசி வரும் பிரைமருக்கும் எடை உண்டு. கணக்கை 2 சதவீதம் ஏற்றி 3,240 என்று எழுதி வைத்தேன்.

அப்புறம் கிரேன் வந்தது. தகட்டு வேலை முடிந்த வெறும் உடல். உள்ளே ஈயம் இல்லை, எஞ்சின் இல்லை, மரம் இல்லை. கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் எடை காட்டும் லோட் செல் மாட்டித் தூக்கினார்கள். 20 கிலோ படியாகத்தான் அது காட்டும். 3,240 என்று நின்றது. தராசின் படியே 20 கிலோ என்பதால் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பரப்பை அளந்து, துண்டை நிறுத்து, பொறுமையாகக் கூட்டினால் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

கிரேன் இருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டோம். கட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்: மொத்த எடையோடு விட்டுவிடாதீர்கள், எடை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். படகு 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகளில் உட்கார்ந்திருந்தது. முன் தாங்கியை அப்படியே விட்டு, பின் தாங்கி இருந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் உயரம் தூக்கினோம். 1,830 கிலோ. அதை 3,240-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 3.39. ஈர்ப்பு மையம் முன் தாங்கிக்குப் பின்னால் 3.39 மீட்டரில் இருக்கிறது. வரைபடக் கணக்கில் 3.30. ஒன்பது செ.மீ. பின்னால் போயிருக்கிறது. 3,240 கிலோவும் ஒன்பது செ.மீ.யும் என்றால் ஏறக்குறைய 290 கிலோகிராம்-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) திருப்புவிசை. அப்படியே விட்டால் படகு பின்பக்கம் அமுங்கி நிற்கும். பேட்டரிகள் நாலு, சேர்த்து 120 கிலோ. எஞ்சின் பக்கத்தில் வைப்பதாக இருந்தேன். அவற்றை 2.4 மீட்டர் முன்னால், நடு அறை இருக்கைக்கு அடியில் வைத்தால் 288. கணக்கு நேராகிவிடுகிறது. கேபிள் கொஞ்சம் நீளமாகும், தடிமனாகவும் வாங்க வேண்டும். பரவாயில்லை.

உயரவாக்கில் ஈர்ப்பு மையத்தைக் கிரேனால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் கீலின் அடியில் இருந்து எவ்வளவு உயரம் என்று எக்ஸெலில் ஒரு பத்தி வைத்திருக்கிறேன். பாய்மரத்தில் ஈர்ப்பு மையத்துக்கு 10 மீட்டர் மேலே 10 கிலோ ராடார் மாட்டினால், அதைச் சமன்செய்ய அந்த மையத்துக்கு ஒரு மீட்டர் கீழே 100 கிலோ ஈயம் வேண்டும். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். 1909 ஜூலையில் டர்பனில் இருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வராட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேரோடு இந்தக் கரையோரத்தில்தான் காணாமல் போனது. லண்டனில் நடந்த விசாரணையில் அதன் நிலைத்தன்மை பற்றித்தான் அதிகம் கேள்வி எழுந்தது. கப்பல் இன்றுவரை அகப்படவில்லை. இந்தக் கடலில் போகிற படகுக்கு மேல்கனம் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படகைக் கவிழாமல் நிறுத்தக் கீல் பெட்டிக்குள் போடும் அடிப்பாரம் 2,300 கிலோ. கழிவு இரும்பும் சிமெண்டும் கலந்து போட்டால் மலிவு, பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கலவையின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5 மடங்கைத் தாண்டுவது கடினம்; 2,300 கிலோவுக்கு 0.46 கன மீட்டர் இடம் வேண்டும். என் கீல் பெட்டியில் அவ்வளவு இடம் இல்லை, மிச்சம் மேலே ஏறிவிடும். ஈயக் கட்டிகளை நெருக்கி அடுக்கி இடுக்குகளைப் பிசினால் நிரப்பினால் சராசரி 9 வரும், 0.26 கன மீட்டரில் எல்லாம் அடியிலேயே அடங்கிவிடும். ஈயம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மெரிபேங்கில் இருக்கும் மாமா சாட் மீன் பிடிக்கத் தூண்டில் குண்டுகளைச் சொந்தமாக வார்ப்பவர், கட்டி வார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். திறந்த வெளியில், முகமூடியோடு, ஈரம் துளியும் இல்லாத அச்சில்தான் ஊற்ற வேண்டும் என்பதில் அவர் கறார். அச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

மீதி எடைகள்: எஞ்சின் 220, பாய்மரமும் கம்பிகளும் பாய்களும் 260, உள்வேலை மரம் 650, பெயிண்டும் வெப்பக்காப்பும் 180, நங்கூரமும் 60 மீட்டர் சங்கிலியும் 180, குழாய், மின்சாரம், அடுப்பு, வின்ச் எல்லாம் 450. காலிப் படகு 7,480. தண்ணீர், டீசல், மூன்று பேர், சாப்பாடு, கருவிகள், சின்னப் படகு என்று 1,090 ஏறினால் 8,570 கிலோ.

வரைபடத்தைவிட 970 கிலோ அதிகம். நீர்க்கோட்டில் படகின் பரப்பு 16.5 சதுர மீட்டர். கடல்நீரில் ஒரு செ.மீ. அமுங்க 169 கிலோ வேண்டும். ஆகவே 5.7 செ.மீ. தாழும். இது பயப்படுகிற அளவு இல்லை.

வேகத்துக்கு வருவோம். 8.8 மீட்டர் நீர்க்கோட்டுக்கு உச்ச வேகம் 2.43 × √8.8, அதாவது 7.2 நாட். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. மாறுவது, அந்த வேகத்தை எட்டத் தேவைப்படும் தள்ளுவிசை. படகு தன் அலையோடு போராட ஆரம்பிப்பது 5.4 நாட்டுக்கு மேலேதான். அதுவரை எதிர்ப்பு அடக்கமாக இருக்கும், அப்புறம் சரசரவென்று ஏறும். ஒரே வேகத்தில் எதிர்ப்பு ஏறத்தாழ எடைக்கு ஏற்பக் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால், 13 சதவீதம் கூடுதல் எடைக்கு 13 சதவீதம் கூடுதல் பாய் வேண்டும். வரைபடத்தில் பாய் 52 சதுர மீட்டர். எனக்கு 59 வேண்டும்.

பாய்ப் பரப்பை, ஒதுக்கும் நீரின் கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுத்து ஒப்பிடுவது வழக்கம். பயணப் படகுகளுக்கு 15-இல் இருந்து 18 வரை சொல்வார்கள். 52 சதுர மீட்டரோடு என் படகுக்கு வருவது 12.6, காற்று 10 நாட்டுக்குக் கீழே போனால் எஞ்சினைத் தேட வேண்டிய படகு. 59 போட்டால் 14.3. பாய்மரத்தை உயர்த்தினால் இன்னும் கிடைக்கும். ஆனால் மேல்கனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அதைச் செய்ய மாட்டேன். முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குழாயில் போஸ்பிரிட் (படகின் மூக்கில் இருந்து நீட்டி நிற்கும் கழி) வைத்து, முன்பாயைப் பெரிதாக்கப் போகிறேன். தெற்கே போகும்போது நமக்கு வேண்டிய வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து வருவது. அதற்குப் பாயின் பரப்புதான் முக்கியம்.

தகட்டை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உடலில் ஒரு மி.மீ. குறைத்தால் 345 கிலோ மிச்சம், உண்மைதான். ஆனால் துரு தின்னப்போவதும் அந்த ஒரு மி.மீ.தான். 3 மி.மீ. தகடு வெல்டிங் சூட்டில் அலை அலையாக வளையும், அதை மறைக்கப் பூசும் ஃபில்லரிலேயே பாதி லாபம் போய்விடும். உடலுக்கு 4 மி.மீ. இருக்கட்டும்.

இப்போதைக்குப் பயணக் கணக்கில் சராசரி 5 நாட் என்றே வைத்திருக்கிறேன். தண்ணீரில் இறக்கியதும் தெரிந்த எடை ஒன்றை மேல்தளத்தில் குறுக்காக நகர்த்தி, படகு எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளக்கும் சோதனையைச் செய்வோம். எக்ஸெலின் உயரப் பத்தி எவ்வளவு சரி என்று அதில் தெரிந்துவிடும். அடுத்த வேலை பெயிண்ட். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபௌலிங் பெயிண்டின் கோட்டை வரைபடத்தில் உள்ளதைவிட 6 செ.மீ. மேலே சுண்ணக்கட்டியால் குறித்தாகிவிட்டது.