சிப்பிக் கொத்துப் புழு: பேரினம் வரை வந்தாச்சு

காசிமேட்டுக்கு வடக்கே கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் இல்லையா, அங்கே கடல் வற்றிய நேரத்தில் ஒரு சிப்பிக் கொத்தைப் பெயர்த்தபோது கிடைத்த புழு இது. விரல் நீளம், பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, முதுகு நடுவே ரத்தக்குழாய் துடிப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. தூண்டில் போடுபவர் கையில் கிடைத்திருந்தால் நேராக முள்ளில் கோத்திருப்பார்.

குடும்பம் கண்டுபிடிக்க அதிக வேலை இல்லை. தலையில் நான்கு கண்கள், இரண்டு சின்ன உணர்கொம்புகள், பக்கத்தில் பால்ப்கள் எனப்படும் தடித்த இரண்டு உணர் உறுப்புகள், பின்னால் நான்கு ஜோடி இழைகள். நெரைடிடே, சந்தேகமில்லை. உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள், ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. இந்தக் குடும்பத்தில் பேரினம் பிரிக்க, புழு உள்ளே மடித்து வைத்திருக்கும் தொண்டைக்குழலை வெளியே வரவைத்து, அதன்மேல் இருக்கும் நுண்பற்களைப் பார்க்க வேண்டும். உயிருள்ள புழுவை அழுத்தினால் முறுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கடல்நீரில் எப்சம் உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தொட்டாலும் அசையாத நிலை வரும்வரை விட்டேன். அப்புறம் தலைக்குப் பின்னால் மெல்லிய இடுக்கியால் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு கறுப்புத் தாடைகளோடு குழல் வெளியே வந்துவிட்டது, பார்க்கக் கொஞ்சம் பயங்கரமாகவே இருந்தது!

குழலின் மேற்பரப்பை I முதல் VIII வரை எண் கொடுத்துப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். என் புழுவில் V-ஆம் பகுதியில் முக்கோணமாக மூன்று கூம்புப் பற்கள், VI-இல் பக்கத்துக்கு ஒன்றாகக் குறுக்கே படுத்த பட்டைப் பல். அந்தப் பட்டைதான் துப்பு. நெரைஸ் பேரினத்தில் எல்லாம் கூம்புகளாகவே இருக்கும், பட்டை இருந்தால் பெரினெரிஸ். உறுதிப்படுத்த, உடம்பின் பின்பகுதியிலிருந்து ஒரு பக்கக்காலை (உடம்பின் இரு ஓரத்திலும் வரிசையாக இருக்கும், முட்கள் கொண்ட கால் போன்ற உறுப்பு) வெட்டி, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நெரைஸ் என்றால் அந்தக் காலின் மேல் மடலில் அரிவாள் நுனி கொண்ட முட்கள் இருக்க வேண்டும். இதில் மேலே எல்லாமே நீண்டு கூர்ந்த முட்கள், அரிவாள் வகை கீழ் மடலில் மட்டும். சரி, பெரினெரிஸ்தான்.

சிற்றினத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பாலிகீட்கள் எனப்படும் இந்த வகை முட்புழுக்களில் இந்தியாவில் உள்ளவற்றை அடையாளம் காண இன்றும் பலர் புரட்டுவது பிரெஞ்சு ஆய்வாளர் ஃபோவேல் 1953-இல் வெளியிட்ட நூல். அதன் வழியே போனால் என் புழு பெரினெரிஸ் கல்ட்ரிஃபெராவில் போய் நிற்கிறது. ஆனால் அது 1840-இல் விலங்கியலாளர் க்ரூபே, இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்து மத்தியதரைக் கடல் புழுவுக்கு வைத்த பெயர். உலகம் முழுக்க இதே பெயரில் பதிவான புழுக்களில் பல வேறு சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. நேப்பிள்ஸ் புழுவும் காசிமேட்டுப் புழுவும் ஒன்றே என்று பற்களை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை, சொல்பவர்களையும் நான் நம்பமாட்டேன்.

இப்போதைக்குச் சீட்டில் 'பெரினெரிஸ், கல்ட்ரிஃபெராவை ஒத்தது' என்று பென்சிலால் எழுதிப் புட்டியில் போட்டாகிவிட்டது. வால் துண்டு மட்டும் தனியாக, தண்ணீர் கலக்காத எத்தனாலில் இருக்கிறது, என்றாவது டிஎன்ஏ பார்க்க யாராவது முன்வந்தால் உதவும். அடுத்த வற்றத்தில் அதே கல்லிலிருந்து இன்னும் சில புழுக்கள் எடுத்து I, II பகுதிகளின் பற்களை எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கை புழுவுக்குப் புழு மாறும்.